பெரிய வாரமும் பாஸ்காவும்: எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோவில் ஒன்றில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால் போதும், வகுப்புப் பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆச்சிமார், கிறிஸ்தவ வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்கள், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஊருக்கு வரும் இளவட்டங்கள் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். முக்கால்வாசிக் குழப்பம் எங்கே வருகிறது என்றால், திருச்சபை கேட்பது எது, நம் அப்பத்தா கேட்பது எது என்று தெரியாமல் இருப்பதில்தான். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். அப்பத்தா சொன்னதைத் தூக்கிப் போடுவதற்காக இல்லை, எது எதற்கு என்று தெரிந்து செய்வதற்காக. நான் கத்தோலிக்கப் பெண், பதிலும் அங்கிருந்துதான் வரும்.

"குட் ஃபிரைடே வாழ்த்துகள்னு மெசேஜ் அனுப்பலாமா?"

வேண்டாம். அதுதான் பெரிய வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் வரும், இயேசு சிலுவையில் உயிர்விட்ட நாள். துக்க வீட்டுக்குப் போய் யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டோம் இல்லையா, அதே மரியாதைதான். ஞாயிற்றுக்கிழமை, அவர் உயிர்த்ததைக் கொண்டாடும் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர், பாஸ்கா என்பதும் இதுதான்) அன்று தாராளமாக அனுப்புங்கள். வெள்ளியன்று ஏதாவது சொல்லத் தோன்றினால் "கோவிலுக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்று கேட்டாலே போதும், எங்கள் தெரு ஆச்சிமார் அப்படித்தான் கேட்பார்கள்.

"உங்களுக்குக் கிறிஸ்துமஸ்தானே பெரிசு? இதுக்கு எதுக்கு நாற்பது நாள்?"

வெளியிலிருந்து பார்த்தால் கிறிஸ்துமஸ்தான் பெரிதாகத் தெரியும். நட்சத்திரம், குடில், கேக், பாட்டு எல்லாம் அப்போதுதான். ஆனால் எங்கள் வழிபாட்டு ஆண்டுக்கு உச்சி உயிர்ப்புதான். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் எங்கள் நம்பிக்கையே வீண் என்று வேதாகமத்தில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் நேராகச் சொல்லிவிடுகிறார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு (திருப்பலிக்கு) போவதும் அவர் உயிர்த்த நாள் அது என்பதால்தான். வரலாற்றிலும் இதுதான் மூத்தது. டிசம்பர் 25 கொண்டாட்டத்துக்குத் தெளிவான பதிவு 4ஆம் நூற்றாண்டு ரோமில்தான் கிடைக்கிறது, ஈஸ்டரை எந்த நாளில் வைப்பது என்ற வழக்கோ 2ஆம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது.

தவக்காலம் என்று நாங்கள் சொல்லும் இந்த நாற்பது நாள், இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த நாற்பது நாளை நினைத்து வைத்தது. காலண்டரில் எண்ணினால் சாம்பல் புதன் முதல் உயிர்ப்புக்கு முந்தின சனி வரை 46 நாள் வருகிறதே என்று விவரமான பிள்ளைகள் கேட்பார்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள், ஞாயிறு நோன்பு நாள் இல்லை.

"வருஷா வருஷம் தேதி மாறுதே, யாரு குறிக்கிறது? எங்க பங்குனி உத்திரத்தோட ஒட்டியே வருதே?"

நிலாதான் குறிக்கிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் மார்ச் 22க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25க்குப் பின்னாலும் வராது. இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா விழாவை ஒட்டி, அந்த விழா முழுநிலவில் வருவது, அங்கிருந்து வந்த கணக்கு இது. எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் முடிவானது. இப்போது வானத்தைப் பார்த்துக் குறிப்பதில்லை, முன்கூட்டியே போட்ட அட்டவணை இருக்கிறது. 2027க்கு மார்ச் 28.

பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பல வருடங்களில் இரண்டும் பக்கத்தில் விழும். 2024ல் உத்திரம் மார்ச் 25, பெரிய வெள்ளி 29, ஒரே வாரம். 2025ல் உத்திரம் ஏப்ரல் 11, பெரிய வெள்ளி 18. உத்திரம் மட்டும் இல்லை, காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழா நடக்கும் நாட்களிலும் எங்களுக்குத் தவக்காலம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பால்குடத்துக்காக விரதம், அடுத்த வீட்டில் ஒருசந்தி. ரெண்டு அடுப்பிலும் கறி வேகாது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காலம் அதுதான்.

"ஒருசந்தி வேற, சுத்தபோசனம் வேறயா? மீன் சேர்த்துக்கலாமா?"

வேறுதான். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு, மற்ற நேரத்தில் மிகக் குறைவாக. சுத்தபோசனம் என்றால் கறி தவிர்ப்பது. திருச்சபைச் சட்டப்படி இரண்டும் சேர்ந்து கட்டாயமான நாள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. கறி தவிர்ப்பது 14 வயது முடிந்தவர்களுக்கு, ஒருசந்தி 18 வயது முடிந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரை. நோயாளிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. சர்க்கரை நோயோடு பட்டினி கிடந்து கோவிலில் மயங்கி விழுவதைக் கடவுள் கேட்கவில்லை, மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

மீனைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நாற்பது நாளும் கறியோடு மீன், முட்டையையும் நிறுத்திவிடுவார்கள். இது வீட்டு வழக்கம். செய்கிறவர்கள் செய்யட்டும், செய்யாத மருமகளைக் குறை சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கறியை நிறுத்திவிட்டு அந்தக் காசில் பன்னீரும் காளானும் வாங்கிக் குவித்தால் நோன்பு எங்கே இருக்கிறது? மிச்சப்படும் காசு இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். செபம், நோன்பு, தானம் மூன்றும் சேர்ந்ததுதான் தவக்காலம்.

"பெரிய வெள்ளி அன்னைக்கு ஆணி அடிக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. பைபிள்ல இருக்கா?"

இல்லை. திருச்சபைச் சட்டத்திலும் இல்லை. ஆனால் உங்கள் மாமியார் இதைச் சும்மா சொல்லவில்லை. அவர் கைகளில் ஆணி அடித்த நாளில் நம் கை சுத்தியலை எடுக்க வேண்டாம், அவர் தலையில் முள் ஏறிய நாளில் நம் தலையில் பூ வேண்டாம் என்று யாரோ ஒரு பாட்டி நெஞ்சு கனத்து நினைத்ததுதான் வழக்கமாக நின்றிருக்கிறது. இறையியல் புத்தகம் படிக்காத பெண்கள் இயேசு பட்ட பாடுகளைத் தியானித்த விதம் இது, நான் இதை மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். அதே நேரம் தெரியாமல் ஆணி அடித்துவிட்டால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று பயமுறுத்தினால் அது வேறு. பயம் வந்து உட்கார்ந்த இடத்தில் பக்தி இருக்காது. மாமியார் சொன்னால் பூவை எடுத்து வைத்துவிடுங்கள், மறுபடி ஞாயிறு காலை இரண்டு முழமாக வைத்துக்கொள்ளலாம்.

"தவக்காலத்துல சிலர் காவி கட்டி, செருப்பில்லாம நடக்குறாங்களே, இது மாலை போடுறதைப் பார்த்து வந்ததா?"

மதுரைக்கு 1606ல் வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைக் குரு, துறவியைப் போலக் காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். அவர் வழியில் வந்தவர்தான் அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரித்தோ. அவரும் காவிதான் உடுத்தினார், தமிழ்த் துறவியாகவே இந்த மறவர் சீமைக்குள் நடந்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947ல் புனிதர் பட்டம் கிடைத்தது. தேவகோட்டையில் அவர் பெயரில் பள்ளிக்கூடமே இருக்கிறது. ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் மக்கள் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள்.

ஆக, கிறிஸ்தவக் காவி இந்தப் பக்கத்தில் நானூறு வருடப் பழக்கம். பக்கத்து வீட்டைப் பார்த்து நேற்று ஆரம்பித்தது இல்லை. அதற்காக நம் மண்ணில் துறவுக்குக் காவிதான் அடையாளம் என்பதை மறைக்கவும் வேண்டாம், அந்த அடையாளம் புரிந்ததால்தானே அவர்கள் அதை எடுத்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. பேன்ட் சட்டையோடும் நோன்பிருக்கலாம்.

"தேர் இழுக்குறீங்க, சப்பரம் தூக்குறீங்க, கும்பம் வச்சு வரவேற்குறீங்க. எல்லாம் எங்ககிட்ட இருந்து எடுத்ததுதானே?"

இதைக் கொஞ்சம் கோபமாகக் கேட்பவர்களும் உண்டு, பாசமாகக் கேட்பவர்களும் உண்டு. முந்தின பதிலின் தொடர்ச்சிதான் இது. இந்த ஊர்க்காரர்கள் கிறிஸ்தவர்களானபோது அவர்கள் கையும் காலும் நாக்கும் மாறிவிடவில்லை. பெரியவரைக் கண்டால் கும்பிட்டவர்கள் பீடத்தைக் கண்டும் கும்பிட்டார்கள். திருவிழா என்றால் தேர் என்று தெரிந்தவர்கள் மாதாவுக்கும் தேர் கட்டினார்கள். தேவகோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சருகணிக் கோவிலுக்கு மருது பாண்டியர் தேர் செய்து கொடுத்ததாகவே மக்கள் சொல்லி வருகிறார்கள். கொடுத்த கை சைவக் கை, இழுத்த கை கிறிஸ்தவக் கை. யாரும் யாரிடமிருந்தும் பறித்துக்கொண்டு போகவில்லை.

திருச்சபை இதைப் பற்றி உள்ளே நிறைய வாதாடியிருக்கிறது. நொபிலியின் முறைகளைப் பற்றிப் புகார் போய், 1623ல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி சந்தனம், குடுமி, பூணூல் போன்றவற்றை மதத்துக்குரியதாக இல்லாமல் நாட்டு வழக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். பின்னால் அந்தக் கதவு இறுகியது. மறுபடி 1969ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பூசையில் ஆரத்தி, தரையில் உட்காருதல், குத்துவிளக்கு, வணங்கும் முறை போன்ற பன்னிரண்டு மாற்றங்களுக்கு இந்தியாவுக்கு ரோம் ஒப்புதல் தந்தது. இன்று பெருவிழாப் பூசையில் பெண்கள் ஆரத்தி எடுப்பதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

"பெரிய வெள்ளி பூசை எத்தனை மணிக்கு? வியாழன் ராத்திரியே பீடத்தைக் காலி பண்ணிட்டாங்களே, மணியும் அடிக்கல?"

பெரிய வெள்ளியன்று உலகத்தில் எந்தக் கத்தோலிக்கக் கோவிலிலும் பூசை கிடையாது. அன்று நடப்பது பாடுகளின் வழிபாடு, பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. பாடுகளின் வரலாற்றை வாசிப்பார்கள், எல்லாருக்காகவும் மன்றாடுவார்கள், சிலுவையை முத்தம் செய்வோம், வியாழன் பூசையில் அர்ச்சித்து வைத்த நற்கருணையை, இயேசுவின் உடலாக நாங்கள் வாங்கும் அப்பத்தை, கொடுப்பார்கள். அதற்கு முன்பு, இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு நிலைகளில் நினைக்கும் சிலுவைப்பாதை. எங்கள் பக்கத்து வெயிலில் தெருவில் சிலுவைப்பாதை போவது லேசில்லை, வயதானவர்கள் கோவிலுக்குள்ளேயே இருந்து செபிக்கட்டும்.

வியாழன் மாலை இயேசுவின் கடைசி இரவு உணவு. பூசையில் பாதம் கழுவுவார்கள், முடிந்ததும் நற்கருணையைப் பவனியாகத் தனிப் பீடத்துக்கு எடுத்துப் போய்விட்டு நடுப்பீடத்தின் துணி, மெழுகுதிரி எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அன்பியம் அன்பியமாக (அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுதான் அன்பியம்) முறை வைத்து விழித்திருந்து செபிப்போம். வியாழன் பூசையில் வானவர் கீதத்தின்போது அடித்த மணி, சனி இரவு அதே கீதம் வரும்வரை ஒலிக்காது. அதுவரை மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவதுதான்.

"பாதம் கழுவ பன்னிரண்டு பேர்ல பொம்பளைங்க உட்காரலாமா? எங்க ஊர்ல பரம்பரையா இந்தக் குடும்பம்தான்னு சொல்றாங்களே?"

பெண்கள் உட்காரலாம். 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் விதியையே மாற்றிவிட்டார், ஆண்களில் இருந்துதான் என்று இருந்தது இறைமக்களில் இருந்து என்று ஆனது.

பரம்பரைக் கேள்விக்கு வருகிறேன். இதில் மழுப்ப மாட்டேன். யார் பாதம் கழுவப்படுவது, யார் தேர் வடத்தைப் பிடிப்பது, தேர் எந்தத் தெருவுக்குள் போகும், யாரை எந்தக் கல்லறையில் புதைப்பது என்பதைச் சாதி முடிவு செய்தால் அதை மரபு என்று சொல்லிக் காப்பாற்றக் கூடாது. ஆணி அடிக்காத வழக்கம் யாரையும் வெளியே தள்ளுவதில்லை, இது தள்ளுகிறது. அடிமை வேலையாக இருந்த ஒன்றை இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்ததை நினைக்கும் இரவில், மரியாதை யாருக்கு முதலில் என்று சண்டை போட்டால் அந்த இரவே பாழ். நானூறு வருடப் பழக்கமாக இருந்தாலும் இதை விடத்தான் வேண்டும். ஃபாதரிடம் சொல்லுங்கள், பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள்.

"நான் இந்து. சனிக்கிழமை ராத்திரி வழிபாட்டைப் பார்க்க வரலாமா?"

வாருங்கள். வருடத்திலேயே அழகான வழிபாடு அது. விளக்கெல்லாம் அணைந்த இருட்டில், வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியை ஏற்றுவார்கள். திரியில் சிலுவையும், அகரமும் னகரமும், அந்த வருடத்தின் எண்ணும், ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளும் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரியாகக் கோவில் முழுக்க வெளிச்சம் பரவும். பிறகு படைப்பிலிருந்து தொடங்கி நீளமான வாசகங்கள், ஏழு வரை போகலாம். தண்ணீர் மந்திரிப்பு, ஞானஸ்நானம், பூசை என்று நேரமாகும். மதியம் கொஞ்சம் தூங்கிவிட்டு வாருங்கள். உங்களுக்கும் ஒரு மெழுகுதிரி தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நற்கருணை மட்டும் வாங்க வேண்டாம். அது ஞானஸ்நானம் பெற்று, புது நன்மை (முதல் நற்கருணை) வாங்கிய கத்தோலிக்கருக்கு. வரிசையில் வராமல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

"சிஎஸ்ஐ-ல இப்படி இல்லையே? அவங்க விடியக்காலையில கல்லறைக்குப் போறாங்க?"

ஆமாம். சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபை கத்தோலிக்கம் இல்லாத தனிச் சபை, தவக்காலம் அவர்களுக்கும் உண்டு, லெந்து காலம் என்பார்கள், பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தியானிக்கும் நீண்ட ஆராதனை உண்டு. பெண்கள் கல்லறைக்கு விடியலில் போனதை நினைத்து ஞாயிறு அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் கூடுவதும் பல சபைகளில் உண்டு. ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

"பெந்தெகொஸ்தே சபைக்குப் போன சித்தப்பா, இதெல்லாம் பைபிள்ல இல்லாத மனுஷ பாரம்பரியம்னு சொல்றார். என்ன பதில் சொல்ல?"

முதலில் அவர் சொல்வதில் உண்மை இருக்கும் இடத்தை ஒத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாள் தவக்காலம் வையுங்கள் என்று வேதாகமத்தில் கட்டளை இல்லை. மனிதர் வழக்கத்துக்காகக் கடவுளின் கட்டளையை விடுவதை இயேசுவே கண்டித்திருக்கிறார், மாற்கு 7ஆம் அதிகாரம். ஆனால் அதே இயேசு பாஸ்கா விழாவை வருடந்தோறும் கொண்டாடின வீட்டில் வளர்ந்தவர், கடைசி இரவிலும் அந்தப் பாரம்பரிய உணவுக்குத்தான் உட்கார்ந்தார். பாரம்பரியம் எல்லாமே தப்பு என்றால் அந்தப் பந்தியை என்ன செய்வது? சித்தப்பாவோடு சண்டை வேண்டாம், ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிடுங்கள், உயிர்த்தார் என்பதில் அவருக்கும் நமக்கும் வழக்கு இல்லை.

"அதே வாரத்துல பக்கத்து வீட்டுல கோவில் பிரசாதம் கொடுத்தா வாங்கிக்கலாமா?"

இந்தக் கேள்வி பவுல் காலத்திலேயே வந்துவிட்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் 8, 10ஆம் அதிகாரங்களைப் படியுங்கள். பிற தெய்வ வழிபாட்டில் பங்கெடுக்க வேண்டாம் என்கிறார். ஆனால் அடுத்தவர் வீட்டில் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு, ஒன்றும் துருவிக் கேட்காதே என்றும் சொல்கிறார். இது படைத்தது என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், அடுத்தவர் மனசாட்சியை நினைத்து விட்டுவிடச் சொல்கிறார். படித்துவிட்டு உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள். நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்றால், அன்போடு நீட்டுகிற கையை முகம் சுளித்துத் தள்ளுவதில்லை, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் மரியாதையாகச் சொல்லலாம்.

"ஈஸ்டருக்குன்னு தனியா பலகாரம் உண்டா? நான் புது மருமக, என்ன செய்யணும்?"

திருச்சபைக்கு இதில் விதியே இல்லை. விடிந்ததும் இட்லியோ இடியாப்பமோ கோழிக் குழம்போடு, மதியம் ஆட்டுக்கறி என்பதுதான் பொதுவாக நடப்பது. நாற்பது நாள் கழித்து மிளகும் சோம்பும் கல்பாசியும் வதங்கும் வாசனை தெருவைத் தூக்கும். பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் செய்தால் போதும், மாமியார் மனசு நிறையும். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேல் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, இரண்டையும் சேர்த்து ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்புப் போட்டு, காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற வேண்டும். மாவு தண்ணியாகிவிட்டால் எண்ணெய் குடிக்கும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். இனிப்புக்குக் கந்தரப்பம். முந்தின வாரமே சீப்புச் சீடையும் மனகோலமும் சுட்டு டப்பாவில் வைத்துவிட்டால், சனி இரவு கோவிலிலிருந்து வந்து அடுப்படியில் கிடக்க வேண்டாம்.

அக்கம்பக்கத்துக்கு முதலில் பலகாரத் தட்டை அனுப்புங்கள். கறி சாப்பிடும் நாளா இல்லையா என்று கேட்டுவிட்டுப் பிறகு குழம்பு. அவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நமக்கு அனுப்புகிறவர்கள்.

"முட்டை, முயல் எல்லாம் வேணாமா?"

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் சாப்பிட மாட்டார்கள், நோன்பு முடிந்ததும் சாயம் பூசிக் கொடுத்தார்கள், அங்கிருந்து வந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தால் செய்யுங்கள். முயல் இல்லாமலும் ஈஸ்டர் முழுசுதான்.

"போன வருஷக் குருத்தோலைச் சிலுவையை என்ன பண்றது?"

குப்பையில் போடாதீர்கள், அது ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுத்தது. தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறுகளில் கோவிலில் கொடுத்துவிட்டால் எரித்து அந்தச் சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள்.

"எனக்குப் பெரிசா நம்பிக்கை இல்ல. ஆனா அம்மாவுக்காக ஈஸ்டருக்கு ஊருக்கு வர்றேன், கோவிலுக்கும் போறேன். இது வேஷம் இல்லையா?"

சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்பார்கள். வேஷம் இல்லை, தம்பி. நம்புவதாகப் பொய் சொன்னால்தான் வேஷம். அம்மாவோடு நடந்து போவது, திரியைப் பிடித்து நிற்பது, பணியாரம் தின்பது இதெல்லாம் உனக்கும் சொந்தமானவை, அதற்கு நம்பிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. உயிர்த்தவரை நேரில் பார்த்த சீடர்கள், பார்க்காததால் தோமா என்ற சீடர் சந்தேகப்பட்ட அந்த எட்டு நாளும் அவரை வெளியே அனுப்பவில்லை. கூடவேதான் வைத்திருந்தார்கள், உள்ளே இருந்ததால்தான் எட்டாம் நாள் அவருக்குப் பார்க்கக் கிடைத்தது. அந்த வாசகத்தை ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வாசிப்பார்கள், விடுமுறை இருந்தால் அதுவரை ஊரில் இரு.

ஆனால் மனச்சான்று ஒத்துவரவில்லை என்றால் நற்கருணை வரிசைக்கு மட்டும் ஊர் பார்க்கிறதே என்று போகாதே. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டால் உள்ளதைச் சொல். அழுவார்கள், பரவாயில்லை, ராத்திரி சோறு போடாமல் இருக்க மாட்டார்கள். ஃபாதரிடம் பேச வேண்டும் என்றால் பெரிய வாரத்தில் போகாதே, அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. திங்கட்கிழமை போ.